கொங்கு நாட்டு உரோமானிய நாணயங்களின் மெய்மை அறிதல்

கொங்கு நாட்டு உரோமானிய நாணயங்கள் என்பன, தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குப் பகுதியில் கிடைத்துள்ள உரோமப் பேரரசின் பொன், வெள்ளி, செப்புக் காசுகள் ஆகும். இவற்றுள் சில இயல்புக்கு மாறாகக் காணப்படுகின்றன. எழுத்துகள் பிறழ்ந்தவை, உருவம் மையத்திலிருந்து விலகியவை, தலையுருவின் மீது உளியால் வெட்டப்பட்டவை, துளையிடப்பட்டவை, செம்பின் மீது வெள்ளி போர்த்தப்பட்டவை எனப் பலவகை மாறுபாடுகள் உண்டு. இத்தகைய மாறுபாடு அக்கசாலையில் நேர்ந்த பிழையா, பழங்காலத்திலேயே செய்யப்பட்ட போலியா, புழக்கத்தின்போது இடப்பட்ட அடையாளமா, அல்லது இக்கால மோசடியா என்பதைப் பிரித்தறிவது நாணயவியலின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். காசின் விலை மட்டுமன்றி, கொங்கு நாட்டின் பழைய வணிகம் பற்றிய வரலாற்று முடிவுகளும் இந்த அறிதலைச் சார்ந்துள்ளன.

பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய், மேற்குக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் இயற்கையான வழியாகும். சேரர் துறைமுகமான முசிறியில் இறங்கிய பொருள்கள் இவ்வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றன. யவனர் பொன்னுடன் முசிறிக்கு வந்து மிளகுடன் திரும்பியதை அகநானூறு குறிப்பிடுகிறது. நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் கூறப்படும் ஊராகக் கருதப்படுகிறது. அங்கு 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், பல்வகை அரிய கற்களால் மணி செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. கொங்கு நாட்டில் கிடைத்த பச்சைக்கல் எனப்படும் பெரில் கல் உரோமானியரால் பெரிதும் விரும்பப்பட்டது.

உரோமானிய எழுத்தாளரான மூத்த பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தமது இயற்கை வரலாறு என்னும் நூலில், இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள செல்வத்தைப் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்வதாக வருந்தியுள்ளார். அச்செல்வத்தின் ஒரு பகுதியே கொங்கு மண்ணில் பானைகளில் புதைந்து கிடைக்கும் காசுகள் ஆகும்.

முக்கியக் கண்டெடுப்புகள்

கொங்கு நாட்டில் கிடைத்த உரோமானியக் காசுகளுள் பெரும்பாலானவை தெனாரியஸ் எனப்படும் வெள்ளிக் காசுகள் ஆகும். முக்கியமான கண்டெடுப்புகள் வருமாறு:

* பொள்ளாச்சி (1800): பானை ஒன்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்தன.
* வெள்ளலூர் (1842): கோயம்புத்தூரை அடுத்து நொய்யலுக்குத் தெற்கே உள்ள இவ்வூரில் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பின்னரும் இதே ஊரில் காசுப் புதையல்கள் வெளிப்பட்டன.
* கரூர் (1878): நூற்றுக்கணக்கான வெள்ளிக் காசுகள் கிடைத்தன.
* கத்தாங்கண்ணி (1913): 233 வெள்ளிக் காசுகள் கிடைத்தன.
* பூதிநத்தம் (1946): உடுமலைப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன.

இக்காசுகளுள் கணிசமானவை சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. இந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகளின் பட்டியலை இராபர்ட் சுவெல் 1904 இல் வெளியிட்டார். பவுலா டர்னர் 1989 இல் வெளியிட்ட நூல், இக்காசுகளில் காணப்படும் வெட்டுகளையும் பின்பற்றல் காசுகளையும் விரிவாக ஆராய்கிறது.

இயல்பான காசின் அமைப்பு

ஒரு காசு இயல்புக்கு மாறானது என்று கூறுவதற்கு முன், இயல்பான காசு எவ்வாறு இருக்கும் என்பதை அறிதல் வேண்டும். கொங்கு நாட்டுப் புதையல்களில் இரண்டு வகை வெள்ளிக் காசுகளே மிகுதியாக உள்ளன.

முதலாவது, அகஸ்டசின் காசு. இதன் பின்புறத்தில் அவருடைய பேரர்களும் வளர்ப்பு மக்களுமான கையஸ், லூசியஸ் ஆகிய இருவரும் நின்ற நிலையில் காட்டப்பட்டுள்ளனர். அவர்களுக்கிடையே கேடயங்களும் ஈட்டிகளும் உள்ளன. இரண்டாவது, டைபீரியசின் காசு. இதன் முன்புறத்தில் இலைமுடி சூடிய பேரரசரின் தலையும், பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவமும் உள்ளன. பெண்ணுருவத்தைச் சுற்றி, தலைமைக் குரு எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்காலத்தில் ஓர் உரோமானியப் பவுண்டு வெள்ளியிலிருந்து 84 தெனாரியஸ் காசுகள் அடிக்கப்பட்டன. எனவே ஒரு காசின் எடை ஏறத்தாழ 3.8 கிராம் ஆகும். இது அரைச் சவரன் எடைக்குச் சற்றுக் குறைவு. அகஸ்டஸ் காலத்துப் பொற்காசான ஔரியஸ் ஏறத்தாழ 7.9 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு சவரன் எடையுடையது. நீரோ கி.பி. 64 அளவில் வெள்ளிக் காசின் எடையைக் குறைத்து, ஒரு பவுண்டுக்கு 96 காசுகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். வெள்ளியின் தூய்மையும் குறைக்கப்பட்டது. இந்தியப் புதையல்களில் இம்மாற்றத்திற்கு முந்திய வெள்ளிக் காசுகளே மிகுதியாகவும், பிந்தியவை அரிதாகவும் உள்ளன. தமிழக வணிகர் காசை அதன் உலோகத்திற்காகவே ஏற்றனர் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது. செருமானிய மக்களும் பழைய உரோமானியக் காசுகளையே விரும்பினர் எனத் தாசிட்டஸ் எழுதியிருப்பது இதனுடன் ஒப்பிடத்தக்கது.

மாறுபாடுகளின் வகைகள்

அச்சடிப்புப் பிழைகள்

உரோமானியக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. கீழே பட்டறையில் பொருத்திய அச்சின் மீது சூடாக்கிய உலோக வில்லையை வைத்து, அதன் மேல் மற்றோர் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். இம்முறையில் பின்வரும் பிழைகள் இயல்பாகவே நேர்ந்தன:

* மைய விலகல்: வில்லை சரியான இடத்தில் அமையாததால் உருவத்தின் அல்லது எழுத்துகளின் ஒரு பகுதி காசிற்கு வெளியே சென்றுவிடும்.
* இரட்டை அடி: முதல் அடிக்குப் பின் வில்லை சற்று நகர்ந்து மீண்டும் அடிபடுவதால் மூக்கு, உதடு, எழுத்துகள் இரட்டையாகத் தோன்றும்.
* எதிருருப் பதிவு: முன்னர் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அடுத்த வில்லை அதன் மீது அடிபடும். இவ்வாறு உருவான காசின் ஒருபுறம் தலையுருவம் புடைத்தும், மறுபுறம் அதே உருவம் இடவலம் மாறிக் குழிந்தும் இருக்கும்.
* அச்சு வெடிப்பு: அச்சில் ஏற்பட்ட விரிசலுக்குள் உலோகம் புகுவதால் காசின் மேல் மெல்லிய புடைத்த கோடு உண்டாகும். காசின் மேல் பின்னர் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். அச்சு வெடிப்பு மேடாக இருக்கும். இவ்வேறுபாட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எளிதில் காணலாம்.

பழங்காலப் பின்பற்றல் காசுகள்

உரோமானியக் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட காசுகளும் இந்தியக் கண்டெடுப்புகளில் கலந்துள்ளன. இவற்றில் முகத்தின் வடிவம் தட்டையாகவும், முடி வெறும் கோடுகளாகவும் இருக்கும். இலத்தீன் அறியாத கம்மியர் செய்தமையால் எழுத்துகள் தலைகீழாகவும், விடுபட்டும், குச்சிகளும் வட்டங்களுமாகவும் காணப்படும். பின்பற்றுவோர் தமக்கு நன்கு அறிமுகமான காசையே பார்த்துச் செய்தமையால், அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் மேற்கூறிய வகைகளே வெள்ளியில் மிகுதியாகப் பின்பற்றப்பட்டன.

இவற்றைப் போலி என ஒதுக்குவது பொருந்தாது. இவற்றுள் பல நல்ல வெள்ளியால் ஆனவை. ஏமாற்றும் நோக்கில் செய்யப்பட்டவை எவை, உரோமிலிருந்து வரும் காசு போதாமையால் உள்ளூரில் செய்யப்பட்டவை எவை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் இவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மெய்க்காசுகளே ஆகும். உரோமில் அடிக்கப்பட்டவை அல்ல என்பது மட்டுமே வேறுபாடு.

வெள்ளி போர்த்திய காசுகள்

செப்பு வில்லையின் மீது மெல்லிய வெள்ளித் தகட்டைப் போர்த்தி அடித்த காசுகள் உரோமப் பேரரசு எங்கும் புழங்கின. இவை அக்காலத்துக் கள்ளக்காசுகள் ஆகும். தேய்ந்த இடங்களிலும் விளிம்பிலும் பச்சைக் களிம்பு வெளிப்படுவது இவற்றின் அடையாளம்.

உளி வெட்டு

பேரரசரின் தலையுருவின் குறுக்கே உளியால் வெட்டப்பட்ட காசுகள் தென்னிந்தியாவில் கிடைக்கின்றன. கொங்கு நாட்டிற்கு அண்மையில், புதுக்கோட்டைப் பகுதியில் 1898 இல் கிடைத்த 501 பொற்காசுகள் இதற்குச் சிறந்த சான்றாகும். ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் விவரித்த இப்புதையலில் பெரும்பாலான காசுகள் இவ்வாறு வெட்டப்பட்டுள்ளன. வெட்டுக்கான காரணம் பற்றிப் பல கருத்துகள் உள்ளன. உள்ளே செம்பு உள்ளதா எனச் சோதிக்க வெட்டினர் என்பது ஒரு கருத்து. தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினர் என்பது மற்றொன்று. அயல் அரசனின் அதிகாரத்தை மறுத்து, காசை வெறும் உலோகமாக மட்டும் ஏற்றதன் அடையாளம் என்பது வேறொன்று. சோதனையே நோக்கமாயின் எந்த இடத்திலும் வெட்டியிருக்கலாம். வெட்டு தலையின் மீதே அமைந்திருப்பது முதற் கருத்திற்குத் தடையாக உள்ளது.

துளைகள்

பொற்காசுகள் சிலவற்றில் தலையுருவிற்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் காணப்படும். நூலில் கோத்து அணியும்போது தலை நேராக நிற்கும்படி இவை இடப்பட்டுள்ளன. இது இந்தியாவில் கிடைக்கும் உரோமானியப் பொற்காசுகளின் தனித்தன்மையாகும். காசுகளைக் கோத்துக் காசுமாலையாக அணியும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது.

பிழை எனத் தவறாகக் கருதப்படுபவை

* அகஸ்டஸ் என்னும் பெயரில் ஆங்கில ‘யூ’ வரவேண்டிய இடங்களில் ‘வீ’ எழுத்தே இருக்கும். பழைய இலத்தீனில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து இருந்தமையால் இது பிழை அன்று.
* காசின் விளிம்பில் காணப்படும் சிறு வெடிப்புகள் அடிக்கும்போது உலோகம் விரிந்ததால் ஏற்பட்டவை.
* காசின் மேல் தனித்தனியாகக் காணப்படும் மிகச் சிறிய முத்திரைக் குறிகள், காசைச் சோதித்த வணிகர் இட்டவையாகக் கருதப்படுகின்றன.
* உரோமானியர் கிறித்துவ ஆண்டு முறையை அறியார். எனவே ஆண்டு எண் பொறித்த உரோமானியக் காசு பிழைக் காசு அன்று. ஐயத்திற்கு இடமின்றி இக்காலப் போலியாகும்.

இதனை இக்கால இந்திய நாணயங்களுடன் ஒப்பிடலாம். இயந்திரத்தில் அடிக்கும்போது வில்லையை ஒரு வளையம் சுற்றிப் பிடித்துக்கொள்வதால், நாணயம் வட்டமாகவும் மையம் பிறழாமலும் அமைகிறது. எனவே உரோமானியக் காசில் இயல்பாகக் கருதப்படும் மைய விலகல், இக்கால நாணயத்தில் உண்மையான பிழையாகும். மறுபுறம், ஆண்டிற்குக் கீழே காணப்படும் வைர வடிவம் மும்பை அக்கசாலையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தா நாணயங்களில் குறி இராது. இவற்றைப் பிழை எனக் கருதி அதிக விலை கூறுவோர் உண்டு. 10 ரூபாய் நாணயங்கள் வெவ்வேறு வடிவமைப்புகளில் இருந்தமையால் அவற்றைப் போலி எனக் கருதிப் பலர் வாங்க மறுத்தனர். 14 வடிவமைப்புகளும் செல்லத்தக்கவையே என 2018 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி விளக்கமளித்தது.

கரூர் ஆற்றுப்படுகைக் காசுகள்

சேரரின் தலைநகரான வஞ்சி எனப் பல ஆய்வாளர்களால் கருதப்படும் கரூரில், அமராவதி ஆற்றின் படுகையிலிருந்து ஏராளமான சிறு காசுகள் கிடைத்துள்ளன. இவற்றுள் கி.பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமானியச் செப்புக் காசுகளும் அடங்கும். இவற்றைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994 இல் ஒரு நூல் வெளியிட்டார். மாக்கோதை என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சேரர் வெள்ளிக் காசும் இப்படுகையிலிருந்தே கிடைத்தது. அதில் உள்ள தலையுருவம் உரோமானியக் காசின் அமைப்பை ஒத்துள்ளது.

இக்காசுகளுள் பல, மணலைச் சலித்து உலோகம் தேடுவோரால் எடுக்கப்பட்டுச் சேகரிப்பாளரிடம் விற்கப்பட்டவை. எந்த மண்ணடுக்கில், எப்பொருளுடன் கிடைத்தது என்னும் செய்தி இல்லாமையால், இவற்றின் மெய்மையைக் காசை மட்டும் கொண்டே நிறுவ வேண்டியுள்ளது. எழுத்தமைதி, எடை, உலோகக் கலவை, ஒரே வகையில் வெவ்வேறு அச்சுகளில் அடிக்கப்பட்ட பல காசுகள் இருத்தல் ஆகியவை இங்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. அகழாய்வில் கிடைக்கும் ஒரு காசுக்கு இத்தனை நிறுவல் தேவைப்படாது.

இக்காலப் போலிகள்

இக்காலப் போலிகள் மூன்று வகைப்படும்.

வார்ப்புப் போலிகள் மெய்க்காசு ஒன்றிலிருந்து எடுத்த கருவில் உலோகத்தை ஊற்றிச் செய்யப்படுபவை. இவற்றின் பரப்பில் காற்றுக் குமிழ்களால் உண்டான நுண்குழிகள் காணப்படும்; எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும்; விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு அல்லது அதை அராவிய தடம் இருக்கும். கையால் அடித்த இரண்டு காசுகளின் வில்லை வடிவமும் விளிம்பு வெடிப்பும் மைய விலகலும் ஒன்றுபோல் இருக்க இயலாது. எனவே அனைத்திலும் ஒத்த இரு காசுகள் கிடைப்பின், அவற்றுள் ஒன்றேனும் போலி என்பது உறுதி. பிழைக் காசுகளுக்கு இவ்விதி மிகவும் பயனுள்ளது. ஒரே மாதிரியான எதிருருப் பதிவுக் காசுகள் பல விற்பனைக்கு வருமாயின் அவை வார்க்கப்பட்டவையே.

அச்சடித்த போலிகள் புதிதாகச் செய்த அச்சைக் கொண்டு அடிக்கப்படுபவை. இவற்றில் குமிழ்கள் இரா. எடையும் உலோகமும் சரியாக இருக்கக்கூடும். அறியப்பட்ட மெய்க்காசுகளின் உருவ நடையுடன் ஒப்பிட்டே இவற்றைக் கண்டறிய இயலும்.

திருத்தப்பட்ட காசுகள் மெய்யான பழங்காசில் எழுத்தைச் செதுக்கியோ, புதிதாக வெட்டியோ, துளையிட்டோ மாற்றப்பட்டவை. பழைய வெட்டின் உட்பகுதியும் காசின் மற்றப் பரப்பைப் போலவே கறுத்தும் தேய்ந்தும் இருக்கும். புதிய வெட்டின் உள்ளே உலோகம் பளபளப்பாகவும் ஓரங்கள் கூர்மையாகவும் இருக்கும்.

இவையன்றி, அருங்காட்சியகங்கள் கல்வி நோக்கில் செய்த மின்முலாம் படிகளும் சந்தைக்கு வருவதுண்டு. இரு பாதிகளை ஒட்டிச் செய்யப்பட்ட இவற்றின் விளிம்பில் இணைப்பு தெரியும். பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக 19 ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ரெடி செய்த படிகள் சிலவற்றின் விளிம்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் உள்ளன.

மெய்மை அறியும் முறை

நாணயவியலாளர் பொதுவாகக் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுவர். ஒவ்வொரு சோதனையும் சில வாய்ப்புகளை நீக்க உதவுமேயன்றி, எந்த ஒன்றும் தனித்து மெய்மையை நிறுவாது.

1. கிடைத்த இடம்: காசு எங்கு, எப்போது, எவற்றுடன் கிடைத்தது என்பது முதலில் கேட்கப்படும். அப்பகுதிப் புதையல்களின் பொது அமைப்புடன் காசு பொருந்துகிறதா என்பது அடுத்துப் பார்க்கப்படும். எடுத்துக்காட்டாக, நீரோவுக்குப் பின் சில மாதங்களே ஆண்ட ஓத்தோவின் வெள்ளிக் காசு கோயம்புத்தூர் வயலில் கிடைத்ததாகக் கூறப்படின், அது ஐயத்துடனேயே நோக்கப்படும்.

2. எடையும் அளவும்: 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசில் எடை பார்க்கப்படும். தேய்மானத்தால் எடை குறையலாம். ஆனால் இயல்பான அளவைவிடக் கூடுதல் எடை இருப்பது எச்சரிக்கையாகும்.

3. உருப்பெருக்கிப் பார்வை: பத்து மடங்கு உருப்பெருக்கியில் பரப்பு, எழுத்தோரம், விளிம்பு, வெட்டின் உட்பகுதி ஆகியவை நோக்கப்படும்.

4. அடர்த்தி: காசை மெல்லிய நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். 3.80 கிராம் எடையுள்ள காசு நீரில் 0.37 கிராம் குறைந்தால் எண் 10.27 ஆகும், தூய வெள்ளிக்கு இது 10.5 என்பதால் நல்ல வெள்ளி எனக் கொள்ளலாம். 3.40 கிராம் காசு அதே 0.37 கிராம் குறைந்தால் எண் 9.19 ஆகும், இது செம்பின் 8.96 ஐ நெருங்குவதால் உள்ளே செம்பு உள்ளது எனலாம். காசு சிறியதாகையால் 0.01 கிராம் பிழையும் முடிவை மாற்றும். எனவே பலமுறை அளந்து சராசரி காண வேண்டும்.

5. உலோகப் பகுப்பாய்வு: நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் கேரட் மீட்டர் என்னும் எக்சு-கதிர்க் கருவி காசைச் சேதப்படுத்தாது. ஆயினும் அது மேற்பரப்பை மட்டுமே அறிவதால், வெள்ளி போர்த்திய காசையும் நல்ல வெள்ளி எனக் காட்டக்கூடும். அடர்த்திச் சோதனையுடன் சேர்த்தே இதனைக் கொள்ள வேண்டும். உரைகல்லில் தேய்ப்பது காசைக் கெடுக்கும்.

6. அச்சு ஒப்பீடு: காசின் அச்சை, வெளியிடப்பட்ட பட்டியல்களிலும் அருங்காட்சியகத் தொகுப்புகளிலும் உள்ள காசுகளின் அச்சுடன் ஒப்பிடுவது. பிறழ்ந்த எழுத்துடைய காசு ஒன்றின் அச்சு, இந்தியப் புதையல்களில் உள்ள வேறு காசுகளுடன் மட்டும் ஒத்திருந்தால், அது இந்தியாவில் செய்யப்பட்ட பழங்காலப் பின்பற்றல் என்னும் முடிவு வலுப்பெறும்.

இச்சோதனைகள் முடியும் வரை காசைத் தூய்மைப்படுத்தக் கூடாது. வீடுகளில் பாத்திரம் துலக்கப் பயன்படும் புளி, எலுமிச்சை, திருநீறு ஆகியவற்றால் காசைத் தேய்த்தால், பழமைக்குச் சான்றாக உள்ள கறுப்புப் படலமும் களிம்பும் நீங்கிவிடும். பின்னர் மெய்க்காசும் ஐயத்திற்குரியதாகிவிடும்.

மதிப்பு

காசின் மதிப்பை மூன்றாகப் பிரிக்கலாம்.

உலோக மதிப்பு: ஒரு தெனாரியசில் உள்ள வெள்ளி நான்கு கிராமுக்கும் குறைவு. எனவே உருக்கி விற்பதால் கிடைக்கும் தொகை மிகச் சிறிது.

சேகரிப்பு மதிப்பு: இது பழமையைப் பொறுத்ததன்று, அருமை, நிலை, விருப்பம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. டைபீரியசின் வெள்ளிக் காசு உலகெங்கும் மிகுதியாகக் கிடைப்பது. ஆயினும் இயேசுவிடம் காட்டப்பட்டதாக விவிலியம் கூறும் வரிக்காசு இதுவே எனக் கருதப்படுவதால், அதற்கு விருப்பம் அதிகம். தெளிவான எதிருருப் பதிவை விரும்பித் தேடுவோர் உண்டு. சிறு மைய விலகலும் உளி வெட்டும் பொதுவாக விலையைக் குறைப்பனவாகும்.

வரலாற்று மதிப்பு: இது சந்தை விலையுடன் ஒத்துப்போக வேண்டியதில்லை. வெட்டுப்பட்ட காசும் எழுத்துப் பிறழ்ந்த காசும் சேகரிப்பாளருக்குக் குறையுடையவை. ஆய்வாளருக்கோ, அயல் பணத்தைத் தமிழகம் எவ்வாறு ஏற்றது என்பதைக் கூறும் சான்றுகள். அத்தகைய காசு, கிடைத்த ஊரின் பெயருடனும் உடன் கிடைத்த காசுகளுடனும் இருக்கும்போதே முழு மதிப்புப் பெறுகிறது. புதையல் ஒன்று பலரிடம் சிதறிவிட்டால், அதில் எத்தனை மெய்க்காசுகள், எத்தனை பின்பற்றல்கள், எத்தனை வெட்டுப்பட்டவை என்னும் விகிதத்தை மீண்டும் அறியவே இயலாது.

பழங்காசுக்குப் பெருந்தொகை தருவதாகக் கூறி ஏமாற்றுவோரும் உளர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி, பழைய நாணயங்களை வாங்கி விற்பதற்குக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடிகள் குறித்து, அவ்வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடவில்லை எனவும், எவருக்கும் அதற்கான அதிகாரம் அளிக்கவில்லை எனவும் அது தெரிவித்தது. விற்பவரிடமிருந்தே முன்பணம் கேட்பது இத்தகைய மோசடியின் பொதுவான அடையாளமாகும்.

சட்ட நிலை

இந்தியப் புதையல் சட்டம், 1878 இன்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் எந்த மதிப்புள்ள பொருளும் புதையலாகும். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், அதைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, அளவு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். மறைப்பவர் தமது பங்கை இழப்பதுடன், ஓராண்டு வரை சிறை அல்லது தண்டத்தொகை அல்லது இரண்டிற்கும் உள்ளாகலாம். உரிமையாளர் எவரும் இல்லை என அறிவிக்கப்பட்டு, நிலத்தின் உரிமையாளருடன் வேறு உடன்பாடும் இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு எஞ்சிய பங்கும் உரியவை. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து வழங்கும்.

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972 இன்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயங்கள் தொல்பொருள்கள் ஆகும். உரிமம் இன்றி அவற்றை வணிகம் செய்வதும், தனியார் அவற்றை நாட்டிற்கு வெளியே கொண்டு செல்வதும் குற்றமாகும்.

இவ்விதிகளை அறியாமையாலும், முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்னும் அச்சத்தாலும், கிடைத்த காசுகளை உருக்கிவிடுவதும் பங்கிட்டு விற்பதும் நேர்கின்றன. உழவின்போதோ வீட்டிற்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசுகள் கிடைப்பின், அவற்றைக் கழுவாமலும் பிரிக்காமலும், பானை உடைந்திருந்தால் அதன் ஓடுகளுடனும் சேர்த்து வைத்துத் தெரிவிப்பதே அவற்றின் மெய்மையையும் மதிப்பையும் காக்கும் வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* நாணயவியல்
* கொடுமணல்
* வெள்ளலூர்
* முசிறி
* சங்ககாலச் சேரர் நாணயங்கள்